சின்னாற்று முட்காடு: கெட்டுப்போன காடா, இயல்பான காடா?

மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டை செல்லும் சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்குள் இரண்டு வேறு உலகங்களைக் கடக்கிறது. தலையாறு வரை தேயிலை. மறையூரில் சந்தனமும் கரும்பும். அதற்கும் கீழே இறங்கினால் வெள்வேலும் கள்ளியும் பாறையும் நிறைந்த வறண்ட சரிவு. இந்தச் சரிவே சின்னாறு வனவிலங்குச் சரணாலயம். பரப்பு 90.44 சதுர கிலோமீட்டர். அறிவிக்கப்பட்ட ஆண்டு 1984. கேரளம் என்றவுடன் மனத்தில் எழும் பசுமைக்கும் இந்நிலத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. சுற்றுலாப் பயணியர் பலர் இதைக் காடு என்றே எண்ணுவதில்லை; ‘காய்ந்துபோன இடம்’ என்று கூறிவிட்டு அமராவதி நோக்கிச் செல்கின்றனர்.

அவ்வாறு கூறுவது சுற்றுலாப் பயணியர் மட்டுமல்லர் என்பதே இக்கட்டுரையின் பொருள். வனவியல் வகைப்பாடும் அரசின் நிலக் கணக்கும் நம் இலக்கண மரபுங்கூட, வறண்ட புதர்க்காட்டை வேறொன்றின் கெட்டுப்போன வடிவமாகவே பெரும்பாலும் கண்டுள்ளன. அந்தப் பார்வைக்கு எதிர்ச்சான்றாகச் சின்னாறு நிற்கிறது.

முதுகலையில் நான் பயின்றது மொழியியல் ஆதலால் பெயரிலிருந்து தொடங்குகிறேன். சின்னாறு என்பது சின்ன ஆறு. மலையாள வழக்கில் இப்பொருளுக்கு இயல்பாக வரக்கூடிய முன்னொட்டு ‘செறு’. இதே இடுக்கி மாவட்டத்தில் பெரியாற்றில் கலக்கும் செறுதோணி அதற்குச் சான்று. ‘சின்ன’ என்னும் அடை தமிழ்ப் பேச்சின் அடையாளம். (இடுக்கியின் பீர்மேட்டுப் பகுதியிலும் ஒரு சின்னாறு உண்டு, அதுவும் தமிழர் மிகுதியாக வாழ்ந்த மலைப்பகுதியே.) மறையூரின் பெயரைப் பாண்டவர் மறைந்து வாழ்ந்த ஊர் என்று ஊரார் விளக்குவர். பாடநூல்களில் ‘மழை மறைவுப் பகுதி’ என்று நாம் படித்த கலைச்சொல்லிலும் அதே ‘மறை’ உள்ளது. இதைச் சொற்பிறப்பாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டா. எனினும் இடத்துக்கு இத்தனை பொருந்திய தற்செயல் அரிது.

மழை மறைவு என்பதன் அளவை எண்களில் காண்பது நல்லது. மூணாறு நகரைச் சுற்றி ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஆனைமுடியும் (2,695 மீட்டர்) அதனைச் சூழ்ந்த உயர் முகடுகளும் அமைக்கும் சுவரில் தன் நீரை இறக்கிவிட்டு, மறுபுறம் வெறுங்காற்றாக இறங்குகிறது. சின்னாற்றின் தாழ்ந்த பகுதிகளில் ஆண்டு மழை ஏறத்தாழ 500 மில்லிமீட்டர். மழை பெய்யும் நாள்கள் ஐம்பதுக்கும் குறைவு. அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பது. காலநிலையால் இந்நிலம் கொங்கு நாட்டைச் சேர்ந்தது. ஆட்சி எல்லையால் மட்டுமே கேரளத்தைச் சேர்ந்தது.

ஆறுகளும் இதையே கூறுகின்றன. கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கு நோக்கி ஓடுபவை மூன்றே: கபினி, பவானி, பாம்பாறு. பாம்பாறும் சின்னாறும் அமராவதிக்கு நீரளித்து, அதன்வழி காவிரியைச் சேர்கின்றன. 2007ஆம் ஆண்டு காவிரி நடுவர் மன்றம் தன் இறுதித் தீர்ப்பில் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் 3 டி.எம்.சி. பாம்பாற்று வடிநிலத்துக்கு உரியது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் எம்மாநிலத்துக்கு உரியவை என்ற வழக்கில் மொழியும் மக்கள்தொகையும் பேசப்பட்டன. நீர் எப்பக்கம் ஓடுகிறது என்பதை அளவுகோலாகக் கொண்டிருந்தால் கோடு எங்கே விழுந்திருக்கும் என்பது மாணவர்கள் வரைபடத்தோடு அமர்ந்து பார்க்கத்தக்க பயிற்சி.

இனி வரலாறு. மூணாற்றின் நிலவரலாறு பொதுவாக 1877 ஜூலை 11 என்னும் நாளிலிருந்து எழுதப்படுகிறது. அன்று ஜான் டேனியல் மன்றோ, பூஞ்சாற்று அரசரிடமிருந்து ‘கண்ணன் தேவன் அஞ்சுநாட்டு மலை’யைப் பெற்றார், ஏறத்தாழ 227 சதுர மைல் நிலம், ரூ.5,000 ரொக்கம், ஆண்டுக்கு ரூ.3,000 வாரம். 1879இல் வடதிருவிதாங்கூர் நிலத் தோட்ட வேளாண் சங்கம் உருவானது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் வந்தது. காப்பி, சிங்கோனா, ஏலம் எனப் பல சோதனைகளுக்குப் பின் தேயிலை நிலைத்தது. இவையெல்லாம் பலமுறை எழுதப்பட்டவை, விரித்துரைக்கத் தேவையில்லை.

ஆனால் அந்த ஆவணத்தின் தலைப்பிலேயே உள்ள ‘அஞ்சுநாடு’ என்னும் சொல்லை நாம் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். மறையூர், காந்தளூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களின் தொகுதி அஞ்சுநாடு. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியோர் தங்களுக்கென ஊர்க்கட்டுப்பாடும் மன்றமும் வகுத்துக்கொண்டு வாழ்ந்த நிலம். தோட்டக்காரர்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே நெல்லும் சிறுதானியமும் விளைந்த பள்ளத்தாக்கு. அஞ்சுநாட்டின் தலைவர் ஒருவரது பெயரே கண்ணன் தேவன் என்று தேயிலைப் பொட்டலத்தில் இன்று அச்சாகிறது என்பர். மலையின் பெயரும் மலையின் உரிமையும் பிரிந்து சென்றதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைப்பது அரிது.

தேயிலையின் எல்லை மழையின் எல்லையோடு நின்றது. தலையாற்றுக்குக் கீழே செடி தழைப்பதற்குரிய ஈரம் இல்லை. மறையூர்ப் பகுதியில் இயற்கையாகச் சந்தனம் வளர்ந்ததால் அரசு அதனைக் கண்ணும் கருத்துமாகக் காத்தது. 2005இல் மறையூர்ச் சந்தனக்காட்டுக்கெனத் தனி வனக்கோட்டமே ஏற்பட்டது. அதற்கும் கீழிருந்த முட்காட்டில் தோட்டக்காரர் விரும்பிய மண்ணும் இல்லை. ஒப்பந்தக்காரர் விரும்பிய தேக்கும் ஈட்டியும் மிகுதியாக இல்லை. சின்னாறு எஞ்சியதற்கு அக்காலத்தில் யாரேனும் அதன் அருமையை உணர்ந்தது காரணமன்று. அதனால் வருவாய் இல்லை என்று கணக்கிட்டதே காரணம். பாதுகாப்பு வரலாறுகளைத் தொலைநோக்கு மிக்க மனிதர்களின் கதையாக எழுதும் வழக்கம் நமக்கு உண்டு. இங்கே புறக்கணிப்பே முதல் பாதுகாவலனாக இருந்தது.

1984இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பின்னரே, அங்கு என்ன இருக்கிறது என்ற கணக்கெடுப்பு முறையாக நிகழ்ந்தது. விளைவு வியப்புக்குரியது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கும் தாவர இனங்கள். இருநூறுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள். நட்சத்திர ஆமை கேரளத்தில் இயற்கையாக வாழ்வது இங்குதான். கடத்தலில் பிடிபட்ட ஆமைகளை மீண்டும் இயற்கையில் விடுவதற்கும் இந்நிலமே தேர்ந்தெடுக்கப்பட்டது. அழிந்தேவிட்டது என்று ஐயுறப்பட்ட அல்பீசியா லாத்தாமி என்னும் மரம் இங்கு மீண்டும் கண்டறியப்பட்டது. மஞ்சள் தொண்டைச் சின்னான் பாறைப் புதர்களை விட்டு அகலாத பறவை. அடர்காட்டில் அதற்கு வேலை இல்லை. பாம்பாற்றங்கரையின் நீர்மருத மரங்களில் சாம்பல் நிற மலை அணில் கூடு கட்டுகிறது. தமிழ்நாட்டில் இவ்வணிலுக்காகவே 1988இல் திருவில்லிபுத்தூரில் ஒரு சரணாலயம் அமைந்ததை நினைவிற்கொள்க. ஆற்றோரத்தில் ஓர் ஒடுங்கிய பசுங்கோடு, அதன் இருமருங்கும் முட்காடு, மேலே இலையுதிர் காடு, முகட்டில் சோலையும் புல்வெளியும்: 400 மீட்டரிலிருந்து 2,500 மீட்டர் வரை இத்தனையும் 90 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கியுள்ளன.

மனிதர் இல்லாத காடும் அன்று இது. சரணாலயத்துக்குள் முதுவர், மலைப்புலையர் ஆகியோரின் குடியிருப்புகள் பதினொன்று உள்ளன. ஆலாம்பெட்டி, ஈச்சாம்பெட்டி, சம்பக்காடு, தாயண்ணன்குடி என்னும் பெயர்களைப் பாருங்கள். ஆலும் ஈச்சும் வெளிப்படையாகவே மரப்பெயர்களாகத் தோன்றுகின்றன. மதுரை எரிந்தபின் பிள்ளைகளையும் தெய்வத்தையும் முதுகில் சுமந்து மலையேறியதால் தாம் முதுவர் ஆனோம் என்பது அம்மக்களின் வாய்மொழி மரபு. தாயண்ணன்குடியில் முதுவர்கள் வழக்கொழியும் நிலையிலிருந்த கேழ்வரகு வகைகளை வனத்துறையின் துணையோடு மீண்டும் பயிரிடத் தொடங்கியுள்ளனர். 500 மில்லிமீட்டர் மழையில் எது விளையும் என்ற அறிவு அவ்விதைகளில் இருக்கிறது. அவர்களுக்கும் முன்னே, மறையூரிலும் ஆலாம்பெட்டிக்கு அருகிலும் பெருங்கற்காலத்தார் கற்பலகைகளை நிறுத்திக் கல்லறைகள் எழுப்பினர். ஊரார் அவற்றை முனியறை என்பர். பாறைகளில் ஓவியங்களும் உண்டு. ‘பயனற்ற நிலம்’ என்னும் பெயர் இம்மக்களின் வாயில் பிறந்திருக்க இயலாது.

அப்படியாயின் அப்பெயர் எங்கே பிறந்தது?

முதற்படி நம் மரபிலேயே உள்ளது. தொல்காப்பியம் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் ஆகிய நான்கிற்கும் நிலம் வகுக்கிறது; பாலைக்கு நிலம் வகுக்கவில்லை. சிலப்பதிகாரமோ, முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் தன்மையிலிருந்து பிறழும்போது உண்டாவதே பாலை என்னும் கருத்தை முன்வைக்கிறது. பாலை என்பது ஓரிடமன்று, ஒரு நிலைமை என்னும் இந்தச் சிந்தனை கவிதையியலில் மிக ஆழமானது. அதனைக் குறைகூற நான் முன்வரவில்லை. ஆனால் இவ்விலக்கணத்தைச் சூழலியல் உண்மையாக எடுத்துக்கொண்டு, ‘வறண்ட நிலம் என்பது மழையிழந்த குறிஞ்சி’ என்று எழுதும் கட்டுரைகளை அடிக்கடி காண்கிறேன். சங்கப் புலவர்களின் செய்கையே இதற்கு மறுப்பு. கள்ளி, ஓமை, உகாய், இருப்பை, யா எனப் பாலைக்குரிய தாவரங்களை அவர்கள் வேறெந்த நிலத்துக்கும் குறையாத நுட்பத்தோடு பெயரிட்டு அழைத்தனர். யானை பட்டையுரித்து உண்ணும் யாமரத்தை அறிந்தவருக்கு அந்நிலம் வெற்றிடமாக இருந்திருக்க முடியாது. இலக்கணம் நிலம் தரவில்லை; கவிதை தந்தது.

இரண்டாம் படி காலனிய வனவியல். ஹாரி சாம்பியன் 1936இல் வெளியிட்டு, 1968இல் சேத்துடன் இணைந்து திருத்திய இந்தியக் காட்டு வகைப்பாடே இன்றும் நம் வனத்துறைகளின் அடிப்படை நூல். அதில் தென்னிந்திய முட்காட்டுக்கு உச்சநிலைக் காடு என்ற குறியீடு உண்டு. ஆனால் தென்னிந்திய முட்புதர், கள்ளிப்புதர் ஆகியவற்றுக்குத் தரப்பட்ட குறியீடு ‘சீரழிவு நிலை’ என்பது. மரம் சற்று உயர்ந்து நின்றால் காடு. குட்டையாக இருந்தால் சீரழிவு. வெட்டும் மேய்ச்சலும் தீயும் ஒரு புதரை உருவாக்கியிருக்கலாம். மண்ணின் ஆழமின்மையும் மழையின் குறைவும் அதே தோற்றமுள்ள இன்னொரு புதரை உருவாக்கியிருக்கலாம். குறியீடு இரண்டையும் ஒரே பெட்டியில் இடுகிறது.

மூன்றாம் படி இன்றைய கணக்கு. இந்திய வன அளவைத் துறையின் வரையறைப்படி, மரக்கவிகை 10 விழுக்காட்டுக்குக் குறைந்த வனநிலம் ‘புதர்’. அது காட்டுப் பரப்பில் சேராது. வரையறையின் சொற்களிலேயே அது தரங்குன்றிய வனநிலம். நடுவண் அரசின் நிலவளத் துறை வெளியிடும் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர் நிலங்கள் தரிசின் வகைகளாகவே பட்டியலிடப்பட்டுள்ளன.

எல்லாப் புதர்க்காடும் இயல்பானதே என்று வாதிடுவதும் பிழை. பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடியின் கிழக்குப் பகுதியும் மழை மறைவு நிலமே. ஆனால் அங்கு குடியேற்றமும் வெட்டும் காட்டை அழித்தன என்பது ஆவணப்படுத்தப்பட்ட செய்தி. இருளர், முடுகர், குறும்பர் நிலமிழந்ததும் அவ்வரலாற்றின் பகுதி. 1990களின் நடுவில் ஜப்பானிய நிதியுதவியுடன் அங்கு தொடங்கிய மீட்புத் திட்டத்தின் பெயரிலேயே ‘தரிசுநிலம்’ என்னும் சொல் இடம்பெற்றது. அங்கே அச்சொல்லுக்கு ஒரு நியாயம் உண்டு. அதே சொல்லைச் சின்னாற்றின் பாறைச்சரிவுக்குப் பயன்படுத்த நியாயம் இல்லை. இரண்டையும் பிரித்தறிய நிலவரலாறு தேவை: அங்கு முன்பு என்ன இருந்தது, எப்போது மாறியது, அவ்வெளிக்கே உரிய உயிரினங்கள் உளவா என்னும் கேள்விகள். செயற்கைக்கோள் படத்தில் இரண்டும் ஒரே பழுப்புதான்.

இத்தகைய வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தின் மேற்கே ‘சிறு பாலைவனம்’ என்று வெள்ளையர் பெயரிட்ட நிலமொன்று உண்டு. ஆண்டு மழை ஏறத்தாழ 400 மில்லிமீட்டர். சின்னாற்றுக்குச் சற்றே குறைவு. அது பாலைவனமே அன்று. ஒரே வேரடியிலிருந்து பல தண்டுகளாகக் கிளைக்கும் குட்டை யூகலிப்டஸ் புதர்களும் சிறுபூச் செடிகளும் நிறைந்த மணற்காடு. அப்புதர்வகையைக் குறிக்கும் ‘மாலீ’ என்னும் சொல்லை அப்பகுதித் தொல்குடியினரின் மொழியொன்றிலிருந்து ஆங்கிலம் கடன் பெற்றது. இலைச்சருகும் மணலும் குவித்து, அந்த வெப்பத்தில் முட்டை பொரிக்கச் செய்யும் மாலீக் கோழிக்காக 1955இல் அங்கு ஒரு சிறு காப்பகம் ஏற்பட்டது. 1960களின் இறுதியில் மாநிலத்தின் நில அமைச்சர் வில்லியம் மெக்டொனால்டு, பாலைவனத்தின் பெரும்பகுதியைப் பண்ணைகளாகப் பிரித்தளிக்கத் திட்டமிட்டார். இயற்கை ஆர்வலர்கள் எதிர்த்தனர். அந்த மண்ணில் வேளாண்மை கட்டுபடியாகாது என்று பொருளியலாளரும் எதிர்த்தனர். 1969இல் மேலவை திட்டத்தைத் தடுத்தது. 1970 தேர்தலில் அமைச்சர் தம் தொகுதியையே இழந்தார். அதையொட்டிப் பொதுநிலங்களைப் பயன்படுத்துமுன் அவற்றை ஆராய்ந்து பரிந்துரைக்க ஒரு மன்றம் சட்டப்படி அமைக்கப்பட்டது. இன்று அந்நிலம் தேசியப் பூங்கா. ‘பாலைவனம்’ என்னும் பெயர் மட்டும் மாறவில்லை. அதைக் காக்கப் போராடியோர்கூட அப்பெயராலேயே போராடினர்.

நம் கதையில் ஆஸ்திரேலியா வேறொரு வழியில் ஏற்கெனவே இருக்கிறது. அந்நாட்டு மரங்கள் மூணாற்றின் மலைகளை நிறைத்துள்ளன. தேயிலை ஆலைகளின் விறகுக்காகவும், பிற்காலத்தில் காகித ஆலையின் கூழுக்காகவும் யூகலிப்டஸ் நடப்பட்டது. மூணாற்று மக்கள் அதை ‘கிராண்டிஸ்’ என்பர்: தாவரவியல் பெயரின் பின்பாதி அப்படியே ஊர்ச்சொல்லானது. நீலகிரியில் அதே குடும்பம் ‘கற்பூர மரம்’. வாட்டில் அங்கே ‘சீகை’. வட்டவடையிலும் காந்தளூர்ப் பகுதியிலும் காய்கறி விளைந்த நிலங்களில்கூடக் கிராண்டிஸ் ஏறியது. நீரோடைகள் வற்றியதற்கு அதுவே காரணம் என்பது உழவர்களின் நெடுநாள் முறையீடு. பாம்பாடும் சோலையில் வாட்டிலை அகற்றிப் புல்வெளியை மீட்கும் பணி இன்று வனத்துறையின் பெருஞ்சுமை. இதற்கெல்லாம் பின்னணியில் இருந்தது ஒரே எண்ணம்: சோலைகளுக்கு இடையிலிருந்த புல்வெளி ‘வெற்றிடம்’, மரம் நட்டால் பயன் தரும். குறிஞ்சி பூக்கும் அப்புல்வெளியின் அருமையை உணர்ந்து 2006இல் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது, அதற்கென ஒதுக்கப்பட்ட எல்லைக்குள்ளேயே கிராண்டிஸ் தோட்டங்கள் நின்றன.

புல்வெளிக்கு அன்று நேர்ந்தது முட்புதருக்கு இன்று நேரக்கூடும். 2023 அக்டோபரில் நடுவண் அரசு அறிவித்த பசுமை வரவு விதிகளின்கீழ், 2024 பிப்ரவரியில் வெளியான மரநடவு வழிமுறை, ‘தரங்குன்றிய நிலம்’ என்பதற்குள் திறந்த காட்டையும் புதர் நிலத்தையும் தரிசையும் சேர்த்தது. நிறுவனங்கள் பணம் செலுத்தி அங்கு மரம் நடலாம். நட்ட மரங்களின் எண்ணிக்கைக்கு வரவு பெறலாம் என்று அவ்வழிமுறை அப்போது வகுத்தது. சின்னாறு சரணாலயம் ஆதலால் அதற்கு உடனடி இடர் இல்லை. ஆனால் அதே முட்காடு சரணாலய எல்லையோடு முடிவதில்லை. ஆனைமலையின் கிழக்கு அடிவாரம் நெடுக, உடுமலை, பழனி எனத் தமிழ்நாட்டின் வறண்ட காப்புக்காடுகளில் அது தொடர்கிறது. பாதுகாப்பின் படிநிலை மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. அந்நிலங்களில் எவை ‘சீரழிவு’, எவை இயல்பு என்பதை இதுவரை யாரும் ஊர்ஊராகப் பிரித்து எழுதவில்லையெனில், பட்டியலை எழுதுவோர் பழைய குறியீட்டையே எடுத்தாள்வர்.

தமிழ் பயிலும் மாணவர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது என்று கருதுகிறேன். ஆட்டுக்காரரும் மாட்டுக்காரரும் முதுவரும் மலைப்புலையரும் வறண்ட காட்டை ஒரே சொல்லால் அழைப்பதில்லை. மண்ணுக்கும் முள்ளுக்கும் மேய்ச்சற் பருவத்துக்கும் ஏற்பப் பிரித்தே பேசுகின்றனர். பெயர் பிரிந்துள்ள இடத்தில் நிலமும் பிரிந்திருக்கும். வனத்துறையின் பழைய வேலைத்திட்ட அறிக்கைகளையும் நிலஅளவைக் குறிப்புகளையும் அவ்வழக்குகளோடு ஒப்பிட்டால், ஒரு புதர்க்காடு நூறாண்டுகளுக்கு முன்பும் புதர்க்காடாகவே இருந்ததா என்பதற்குச் சான்று திரளும். சின்னாற்றின் குடிகளிலும் அமராவதிநகர், மானுப்பட்டிப் பக்கத்து ஊர்களிலும் இப்பணியைத் தொடங்கலாம். இரண்டும் ஒரே காட்டின் இரு கரைகள், பேச்சும் ஏறத்தாழ ஒன்றே.